தேக்கத்துத் தண்ணீரும் கோமுவின் காலும்

பிப்ரவரி 22, 1959. ஞாயிறு

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் வெயில். தென்காசி டாக்டரிடம் மகள் கோமுவைத் தூக்கிப் போனேன். இளம்பிள்ளை வாதம் என்று முன்பே சொன்னதுதான். காய்ச்சல் விட்டு மாதக் கணக்காகிறது, வலது கால் இன்னும் துவண்டு தொங்குகிறது.

இன்று புதிதாகச் சொன்னது: "தண்ணிக்குள்ள வச்சு காலை அசைச்சு விடணும். தண்ணியில கனம் தெரியாது. மெட்ராஸ்ல இதுக்குன்னே வெந்நீர்த் தொட்டி இருக்கு."

"மெட்ராசுக்கு நாங்க எங்க சார் போக?"

"வெயில்ல சூடான குளத்துத் தண்ணியானாலும் போதும். குளிர்ந்த தண்ணி மட்டும் கூடாது. தசை சுருட்டிக்கும்."

திரும்பும் ரயிலில் எதிர் பெஞ்சு அம்மாள், தன் பக்கத்து ஆளிடம்: "பொம்பளப் பிள்ளையா வேற போச்சே." கோமுவுக்கு ஆறு வயது. காது நன்றாகக் கேட்கும்.

பிப்ரவரி 26

செங்கோட்டை ஸ்டேஷன், பார்சல் ஆபீசில் காலை டூட்டி. மதியம் சைக்கிளில் மலையடித் தேக்கம் போய்ப் பார்த்தேன். சின்ன அணை. ஒரு பக்கம் மதகு, மறு பக்கம் தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகள். ஸ்கூல் சயன்ஸ் வாத்தியாரிடம் இரவல் வாங்கிய தெர்மாமீட்டர். வெயில் விழும் ஓரத்தில் 80 டிகிரி பாரன்ஹீட். முட்டுக்குக் கீழே அளக்கவே வேண்டாம், கால் சொல்கிறது. ஜில்.

அணைக் காவலுக்கு நாயர் என்று ஒருவர். "உச்ச கழிஞ்ஞா, மதியத்துக்கு மேல, வெள்ளம் நல்ல சூடு. மதகுப் பக்கம் மட்டும் போகாதீங்க, கேட்டோ." அவருக்குத் தண்ணீர் எல்லாமே வெள்ளம்.

வீட்டில் மனைவி பொன்னம்மாள் ஒரே சத்தம். "ஒரு காலு போனது போதாதா? மிச்சப் பிள்ளையையும் தண்ணிக்குக் குடுக்கப் போறியளோ?"

மார்ச் 3

முதல் நாள். 82. படியில் இறக்கியதும் அலறல். என் கழுத்தெல்லாம் நகக் கீறல். இடுப்பளவில் சும்மா உட்கார வைத்திருந்தேன், அவ்வளவுதான். தெளிந்த தண்ணீருக்குள் இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில். வலது கால் கை போல மெலிந்திருக்கிறது. இதுவரை சரியாகப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மார்ச் 22. ஞாயிறு

85. காற்றில்லை. மேல்தண்ணீர் மட்டும் சூடு, அதனால் படுக்க வைத்தே பிடிக்கிறேன். என் இரண்டு கைக்கு மேல் மல்லாந்து கிடந்தாள்.

"எப்பா, பெருவிரலு ஆடுது, பாருங்க!"

ஆடியது. பார்த்தேன்.

பொன்னம்மாளிடம் சொன்னதற்கு விரலைத் தடவிப் பார்த்தாள். "எங்க, இப்ப ஆட்டுட்டீ." ஆடவில்லை. அடுக்களைக்குப் போய்விட்டாள்.

சைக்கிள் பின் டயர் மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 19. ஞாயிறு

90. தண்ணீர் இறங்கி கடைசிப் படி வரை வெளியே தெரிகிறது. சேறு, பாசி, எருமை. கோமுவுக்குக் காதில் சீழ். உடம்பெல்லாம் அரிப்பு, வேப்பிலை அரைத்துப் போட்டது. பொன்னம்மாள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஆனால் இன்று கோமு படியிலிருந்து என்னிடம் நீந்தி வந்தாள். ஓர் ஆள் நீளம் இருக்கும். முழுக்கக் கையாலேயே. கால் பின்னால் ஈரத்துணி மாதிரி வந்தது. வந்து சேர்ந்து என் மூக்கைப் பிடித்துச் சிரித்தாள். காய்ச்சலுக்கு அப்புறம் இந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

மே 30

கொல்லம் பக்கம் மேகம். கணவாய்க் காற்று இறங்கிவிட்டது. மத்தியானம் தூறல். ஊருக்கே சந்தோஷம். மாம்பழக் கூடை எடுக்க வந்த வியாபாரி, "சீசன் வந்துட்டுல்லா அண்ணாச்சி! அருவியில தண்ணி விழுதாம்!" என்று என் முதுகில் தட்டினார். நானும் சிரித்து வைத்தேன். மழைத் தண்ணீர் வந்தால் தேக்கம் குளிரும்.

சாயங்காலம் தேக்கம் 79.

ஜூன் 8

எழுத்து கோணல்.

சாரல் ஓய்ந்து இரண்டு மணி நேரம் வெயில். ஓரத்தில் 78. போதும் என்று இறக்கினேன். மலையில் பெய்த புதுத் தண்ணீர் அடியில் வந்து நிற்பது தெரியவில்லை. பத்துக் கை வீசியிருப்பாள். "எப்பா, காலு" என்றாள். அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

தலைமுடி கையில் அகப்பட்டது. இழுத்துப் போட்டேன். முகம் நீலம். வலது கால் வயிற்றோடு மடங்கி, பிரிக்க முடியவில்லை. மூக்கிலும் வாயிலும் தண்ணீர். பிறகு இருமல், பிறகு அழுகை. நாயர் தன் கம்பளியைக் கொண்டு வந்து சுற்றினார். "அடியில ஐஸ் வெள்ளமாக்கும் சாரே."

பொன்னம்மாளிடம் மறைக்கவில்லை. அவள் எழுந்தாள். தெர்மாமீட்டரை அம்மியில் வைத்துக் குழவியால் ஒரு போடு. பாதரசம் தரையெல்லாம் உருண்டது. இரவல் சாமான்.

கோமுவுக்கு நெருப்பாகக் காய்ச்சல்.

ஜூன் 14. ஞாயிறு

காய்ச்சல் விட்டது. தென்காசி. டாக்டர் சின்னச் சுத்தியலால் நெடுநேரம் தட்டிப் பார்த்தார். "பெருவிரலை ஆட்டு, பார்க்கலாம்." கோமு மூச்சைப் பிடித்து, முகம் சிவக்க முயன்றாள். விரல் அப்படியே இருந்தது.

"ஆடிச்சு சார். நான் கண்ணால பார்த்தேன்."

"தண்ணி ஆட்டியிருக்கும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனி இது இவ்வளவுதான். இரும்புப் பட்டை போட்டு நடக்கப் பழக்குங்க."

ரயிலில் சீட்டெல்லாம் குற்றாலத்துக் கூட்டம், எண்ணெய் வாடை. என் மடியில் கோமு. "அப்பம் இனி தண்ணிக்குப் போவ வேண்டாமா?" என்றாள். காலுக்காகத்தான் போனோம், கால் இல்லை என்றாகிவிட்டது. எப்படிச் சொல்ல?

ஜூலை 12. ஞாயிறு

சாரல் விடவில்லை. துணி காயவில்லை. இரும்பு வந்து ஒரு வாரம். முட்டில் வார் உரசிப் புண். சுவரைப் பிடித்து நடக்கிறாள், விழுகிறாள், எழுப்பிவிடக் கூடாது என்கிறாள். மீதி நேரம் ஜன்னலோரம். அருவியில் குளித்து ஈரத் தலையோடு பஸ்ஸில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு.

"எப்பா, தேக்கத்துக்குப் போவமா?"

"குளிருட்டீ. காலு சுருட்டும்."

"காலுதான சுருட்டும்? கை சுருட்டாதுல்லா?"

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பொன்னம்மாள் நிறுத்தினாள். மறுபடி புடைத்தாள்.

ஆகஸ்ட் 2. ஞாயிறு

சாரல் இல்லை, நல்ல வெயில். காலையில் பொன்னம்மாளே ஆரம்பித்தாள். "எத்தன நாளைக்கு அந்த ஜன்னலயே பார்ப்பா? கூட்டிட்டுப் போங்க. நானும் வாரேன்."

மாட்டுவண்டி பிடித்து மூன்று பேரும். அவள் தேக்கத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "இம்புட்டு ஆழத்துலயா?" என்றாள். கோமுவின் இடுப்பில் கயிறு கட்டி மறு முனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். நான் முன்னால் இறங்கினேன். தெர்மாமீட்டர் இல்லை. நெஞ்சுவரை போனதும் குளிரில் மூச்சு அடைத்தது.

கோமு இரும்பைக் கழற்றிப் படியில் வைத்தாள். இறங்கினாள். பல் தந்தியடிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. தண்ணீரில் நிற்கும், மட்டம் காட்டும் அளவுகல் வரை போனாள். கால் மடங்கிக்கொண்டது, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. கை நிற்கவில்லை.

"போதும்ட்டீ, திரும்பு! திரும்பு தாயி!" பொன்னம்மாள் முட்டளவு தண்ணீருக்குள் வந்துவிட்டாள்.

கல்லைத் தொட்டுத் திரும்பினாள். உதடு நீலம். பக்கத்தில் வந்ததும் கை நீட்டினேன். பிடிக்கவில்லை. என்னைத் தாண்டிப் போய்ப் படியைப் பிடித்துத் தானே ஊர்ந்து ஏறினாள்.