பெயிண்ட் அடிக்காத ஃபோர்க்

அன்பு மாப்பிள்ளை ராசுவுக்கு,

நாளை உனக்கு முதல் திதி. எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் மலர் எழுதுகிறாள். நாளை சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போடும்போது அவளே இதை வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஊரும் கேட்கட்டும்.

நீ போன பிறகு ஊரில் ஒரே பேச்சுத்தான். "பழைய இரும்புல சைக்கிள் செஞ்சான், அந்த இரும்பே அவனைத் தின்னுருச்சு." நீ சேர்த்துக் கொடுத்த சைக்கிள்களை ஓட்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து உன் கொட்டகைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார்கள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி, ஒருத்தரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஆனால் மலர் விடவில்லை மாப்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த சைக்கிள்கள், அவர்கள் பைக்குக்கு மாறியதும் இலுப்பூர் பழைய இரும்புக் கடையில் வந்து குவிகின்றன அல்லவா? ஒன்றில் ஃபிரேம் நன்றாக இருக்கும், ஒன்றில் ரிம், ஒன்றில் செயின். உன்னைப் போலவே பொறுக்கி எடுத்து வந்தாள். கேரியருக்குப் பழைய கட்டில் கம்பி. பெடலுக்கு லாரி டயர்த் துண்டு. உன் வெல்டிங் கண்ணாடியைத்தான் போட்டுக்கொள்கிறாள்.

முதல் சைக்கிளைக் கேட்டவள் கீழத்தெரு செல்வராணி. நம் ஊருக்குள் பஸ் வராது. பால் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டுப் பால் சொசைட்டி வரை நடந்துகொண்டிருந்தாள். வெயில் ஏறினால் பால் திரிந்துவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் சைக்கிளை எடுக்க வந்தவளை என் தங்கை அஞ்சலை மறித்துக்கொண்டாள்.

"அவரைக் கொன்ன இரும்பு பத்தாதா? இன்னும் ஒருத்தி வேணுமா அதுக்கு?"

"புதுசு வாங்க வக்கு இருந்தா நான் ஏன்க்கா இங்கிட்டு வாரேன்? வெயிலுக்கு முந்தி ஓட எனக்கு என்ன குதிரைக் காலா?"

"அம்மா, நீ சும்மா இரும்மா" என்றாள் மலர்.

"சும்மா இருந்துதான்டி ஒங்கப்பனைத் தொலைச்சேன். கொட்டகையைப் பூட்டு. இல்ல, என்னைய வெளிய தள்ளிப் பூட்டிக்க."

மலர் சாவியை எடுத்து அவள் காலடியில் வைத்துவிட்டாள். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பரணில் சாக்கில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தேன்.

உன் ஃபோர்க்தான் மாப்பிள்ளை. முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற கவை. சைக்கிள் பாரில் கடலை மூட்டையோடு நார்த்தாமலை இறக்கத்தில் நீ விழுந்தாயே, மறுநாள் அங்கே போய் முள்ளுக்குள் கிடந்ததைப் பொறுக்கி வந்தேன். உடைந்த வாயில் பாதி பளபளவென்று இருந்தது. அது அன்றைக்கு உடைந்தது. மறுபாதி பழுப்பு. அது எப்போதோ வெடித்து, மழைத் தண்ணீர் குடித்துத் துருப்பிடித்தது. அந்த வெடிப்பின்மேல் வருஷத்துக்கு ஒன்றாக நீ அடித்த பச்சைப் பெயிண்ட். பெயிண்டின்மேல் பூஜைச் சந்தனம்.

ஊர் முழுக்க அப்படித்தானே செய்கிறோம்? பூஜைக்குக் கழுவி, பெயிண்ட் அடித்து, ஃபோர்க்கின் கழுத்தில் சந்தனம் பூசிப் பொட்டு வைப்போம். சைக்கிளுக்கு அதுதான் நெற்றி. உன் வீட்டில் பொட்டு வைத்தது அஞ்சலை. அதனால்தான் அதுவரை நான் அவளிடம் காட்டவில்லை.

(இந்த இடத்தில் மலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்சம் பொறுத்து எழுதுகிறாள்.)

அஞ்சலை அதை மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள். "நாந்தானே அண்ணே வருஷா வருஷம் வச்சேன்?"

"சந்தனத்துக்கு அடியில பெயிண்டு. பெயிண்டுக்கு அடியில வெடிப்பு. செஞ்சவனுக்கே தெரியல ஆத்தா, ஒனக்கு எப்படித் தெரியும்?"

பழைய இரும்பின்மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எது பழையதாக இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று நாம் பிரித்துப் பார்க்கவில்லை. மலர் பிரித்துவிட்டாள். ஃபோர்க்கும் பிரேக்கும் கடையில் வாங்கிய புதுசு. மற்றதெல்லாம் பழசு. ஃபோர்க்குக்குப் பெயிண்ட் கிடையாது, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

"துருப் பிடிக்குமேடி?" என்றேன்.

"பிடிச்சாத் தெரியுமே மாமா. தெரியணும்னுதான் விட்டுருக்கேன்."

நீ இருந்தால் இதற்குச் சம்மதித்திருப்பாயா? பெயிண்ட் வாசம் இல்லாமல் உனக்குப் பூஜையே கிடையாதே.

பூஜையன்று அஞ்சலை சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். கை பழக்கத்தில் ஃபோர்க்கின் கழுத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு பின்னால் நடந்துபோய்க் கேரியரில் பூசிப் பொட்டு வைத்தாள். "ஏய் செல்வராணி, எடுத்துக்கிட்டுப் போ. இறக்கத்துல எறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணும், ஆமா" என்றாள்.

ஒரு வாரமாக ஓடுகிறது. பின் ரிம் லேசாக ஆடுகிறது. மேட்டில் கனக்கிறது. கருவ முள் பஞ்சர் ஆக்காத நாள் குறைவு. வேலைக்கு ஆகுமா என்று கேட்டால், ஆகும். இந்த வாரம் பால் திரும்பி வரவில்லை.

செல்வராணி போகிற வழி என் வாசல்தான். கண் எனக்கு மங்கிவிட்டது, நகம் இருக்கிறது. நிறுத்தச் சொல்லி ஃபோர்க்கின் கழுத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் நகம் தட்டும். "பெரியவரே, பால் திரிஞ்சா நீங்கதான் வாங்கிக்கணும்" என்று வைகிறாள். வையட்டும்.

உன் சுவரில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போனவர்களும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பெயிண்டைச் சுரண்டி, ஃபோர்க்கை மாற்றித்தான் ஒவ்வொன்றும் அவரவர் கைக்குத் திரும்பி வரும். நான் இருக்கும் வரை, நகம் வைத்துப் பார்க்காமல் உன் கொட்டகையிலிருந்து ஒரு சைக்கிளும் வெளியே போகாது மாப்பிள்ளை.

கைநாட்டு வைத்து,
உன் மச்சான், உன் மகளுக்குத் தாய்மாமன்
வெள்ளைச்சாமி