பதினோரு அடி

பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசினால் "அக்கா" என்றதுமே வைத்துவிடுவேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

உன் மார்பு ஆபரேஷனுக்குக் கூட வரச் சொன்னாய். கண்ணாடிக் கடையில் லீவு தரவில்லை என்றேன். பொய். நான் கேட்கவே இல்லை. அம்மாவை அதே புற்றுநோயில் பறிகொடுத்த பிறகு, இன்னொரு முறை அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கால் வரவில்லை.

நவம்பரில் என் போனில் ஒரு செய்தி வந்தது. நீ தினமும் எத்தனை அடி நடக்கிறாய் என்று பார்க்க எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறாயாம். கை தவறி அழுத்திவிட்டாய் என்று நினைத்தேன். ஆனாலும் தினமும் பார்க்கிறேன், மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுக்கிற நேரத்தில்கூட. ஒரு நாள் 340. ஒரு நாள் 600. நவம்பர் 19 அன்று மட்டும் வெறும் 11. அன்று என்ன ஆயிற்று? அதை மட்டுமாவது சொல்.

உன் சின்னு

பிப்ரவரி 13

அடியே சின்னு,

கை ஒன்றும் தவறவில்லை. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் அந்த ஆப்பைப் போட்டுக்கொடுத்து, "உங்க நடையை யார் பாக்கணும், ஒருத்தரைச் சொல்லுங்க" என்றாள். வாயில் உன் நம்பர்தான் வந்தது. கோபம் ஒரு பக்கம், நம்பர் ஒரு பக்கம்.

சரியான தொல்லை பிடித்த சாமான் அது. பதினேழு வருஷம் பஸ் ஓட்டியவளைப் பார்த்து, "எழுந்து நின்றீர்கள், சபாஷ்!" என்கிறது. சாயங்காலமானால் ஐந்து முகத்தைக் காட்டி மனசு எப்படி என்று கேட்கும். ஒரு வாரம் அழுகிற முகத்தையே அழுத்தினேன். எட்டாம் நாள் அந்தப் பெண்ணே கூப்பிட்டுவிட்டாள். "என்னக்கா, முகம் மாறவே மாட்டேங்குது?" அவளிடம்தான் முதன்முதலாக வாய்விட்டு அழுதேன்.

நவம்பர் 19, கடைசி மருந்து ஏற்றிய மறுநாள். கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு ஆறு அடி. திரும்பி வர ஐந்து. மிச்சத்துக்குக் கட்டிலில் விழுந்துவிட்டேன். நான் ஓட்டிய பஸ் அந்த நேரத்துக்குக் கீழே போகும். அதைப் பார்க்கத்தான் போனேன்.

நேற்று டிப்போவில் நின்ற வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தேன். இடது கை உயிர் போகிற மாதிரி வலித்தது, ஆனால் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் போய் டீ வாங்கி வந்து தன் கையாலேயே கொடுத்தார்.

நீ வராதது வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அக்கா

பிப்ரவரி 20

அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றே படித்தேன். பிறகு கல்லாவிலிருந்து வாசல் பக்கம் பதினோரு அடி எண்ணி நடந்து பார்த்தேன். மூச்சுகூட வாங்கவில்லை. இதற்கு நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்று நினைத்தபோது, வெளியே போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ கண்ணாடி கேட்டது காதில் விழவில்லை.

இனியும் மறைக்கக் கூடாது. நாலு மாதமாக என் வலது மார்பில் ஒரு கட்டி. யாரிடமும் சொல்லவில்லை. கண்டுகொள்ளாமல் இருந்தால் போய்விடும் என்றிருந்தேன். நேற்று செருப்பை மாட்டிக்கொண்டு போய், ஊசியால் எடுத்துப் பரிசோதிக்கக் கொடுத்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை ரிசல்ட். உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை.

சின்னு

பிப்ரவரி 23

பைத்தியமே,

நாலு மாசமா! திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன். வியாழன் மதியம் வருகிறேன். சமைத்து வைக்காதே, உன் சமையலைத் தாங்குகிற அளவுக்கு இன்னும் தேறவில்லை. கதவை மட்டும் திற.

அக்கா

மார்ச் 4

என் அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று தெரியும். பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு 1,900 அடி. ஆட்டோ பிடித்தால் என்ன, பிடிவாதக்காரி!

அன்று ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி. நீ முன்னால் ஏறினாய். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "மெதுவா வா, அவசரமில்ல" என்றாய். மூச்சு வாங்கியது எனக்குத்தான். மேலே டாக்டர், "புற்றுநோய்தான், ஆனா ஆரம்பத்துலயே வந்துட்டீங்க" என்றபோது நான் அவரைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போனேன். பதினெட்டாம் தேதி. படிவம் எழுதிய நர்ஸ் நிமிராமலே, "கூட யாரு இருப்பாங்க?" என்று கேட்டாள்.

"எங்க அக்கா."

"என்ன பண்றாங்க?"

"பஸ் ஓட்டுறாங்க."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

உன் சின்னு