அப்பாவின் அலைகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது "அப்புறம் பேசுடா தம்பி" என்று பட்டென்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டிருப்பாய். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பச்சைத் தேயிலை மூளையை என்ன செய்கிறது என்று பார்க்கிறோம். சோதனைக்கு அறுபது வயது தாண்டியவர் ஒருவர் குறைந்தார். அப்பாவை அழைத்துப் போனேன். தலையில் மூளை அலைகளைப் பதியும் ஒயர் தொப்பி, முடியெல்லாம் பசை. கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னம்மா இது, புல்லு கழுவின தண்ணி மாதிரி இருக்கு?" என்றார். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

அந்தத் தண்ணீரில்தான் தேயிலையில் உள்ள தேனீன் என்ற பொருளைக் கூடுதலாகக் கலந்திருந்தோம். மூளையைச் சுற்றி ஒரு காவல் உண்டு. ரத்தத்தில் வருவதையெல்லாம் அது உள்ளே விடாது. தேனீனை விடுகிறது. காஃபின் தூங்கவிடாது, தேனீன் பதறவிடாது என்பார் டாக்டரம்மா. ஒருவரை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்றும் சொல்வார்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரையைப் பார்த்தேன். முப்பது வருடம் பஸ் ஓட்டிய தலையடா அது! கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. அலைகள் ஒரே சீராக, அகலமாக, மெதுவாக எழுந்து இறங்கின. எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறேன். பெற்றவரின் அமைதியைக் கோடுகளாகப் பார்த்ததில்லை.

நடுவில் கதவு படாரென்று அடித்தது. அலை கலைந்து, நொடியில் திரும்பியது. பிறகுதான் நான் அணைக்க மறந்த போன் அடித்தது. நீ. "தம்பி" என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் அத்தனை அலையும் சிதறின. அப்பா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பதிவு முடியும்வரை, பதினோரு நிமிடம், அவை திரும்பவே இல்லை.

நீ ஊரை விட்டுப் போன அன்று "எனக்கு மகனே இல்ல" என்று சொன்ன மனிதர் இவர்.

பசையைத் துடைக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "அவனுக்கு அங்க ரொம்பக் குளிருதாமா?" எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அந்தப் பதிவு ஆராய்ச்சிக்கு உதவாது என்று டாக்டரம்மா நீக்கிவிட்டார். அலைகள் ஏன் சிதறின என்று அறிந்தவள் நான் ஒருத்திதான்.

குளிருகிறதா என்பதை எனக்குச் சொல்லாதே. அவரிடமே சொல். இரண்டு முறை போனை மாற்றினார், உனக்குத் தெரிந்த எண்ணை மட்டும் மாற்றவில்லை.

நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் அக்கா