நான்கு நிமிடத்துக்கு மேல் நின்றவர்கள்

அன்புள்ள லேப் மேடத்துக்கு,

உன் பாயின்ட் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் இருமல் நின்றதா? சிரப்பை வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் குடிக்காமல் இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். குடி. வாஷிங் மெஷின் ஓடுகிறது. நீ போனிலேயே சொன்ன மாதிரி பின்னால் குழாய்தான் மடங்கியிருந்தது. ஒப்புக்கொள்கிறேன். அதைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம்.

தினமும் போனில் பேசுகிறவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் பாயின்ட் பாயின்ட்டாகத்தான் பேசுவேன், அதற்குத்தானே இந்தப் பட்டப்பெயரே வைத்தாய். போன ஞாயிறு, இந்த ஊருக்கு மாற்றல் கேட்கும் விண்ணப்பத்தை முப்பதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், கொடுக்கட்டுமா என்று நீ கேட்டாய். நீ இங்கே வந்தால் என்னென்ன லாபம் என்று நான் பன்னிரண்டு வரிசையில் ஓர் அட்டவணை அனுப்பினேன். நிமிஷமும் கிலோமீட்டரும் சதுர அடியும் வராத ஒரே ஒரு காரணம் சொல்லு, நான் கையெழுத்துப் போடுறேன் என்றாய். எனக்கு எரிச்சல் வந்து போனை வைத்துவிட்டேன். தப்பு. காரணம் இப்போது கிடைத்திருக்கிறது. ஆனால் அதற்கு ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்ல வேண்டும். பொறுமையாகப் படி. பொறுமையைப் பற்றி நான் பேசுகிறேனே என்று சிரிப்பு வரும், சிரித்துவிட்டுப் படி.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியை மாற்றிக் கட்டப் போகிறார்கள், யார் எங்கே நடக்கிறார்கள் என்று கணக்கெடுத்து வரைபடம் போடுவது என் வேலை, இதெல்லாம் உனக்குத் தெரியும். ஊழியர்களுக்கும் நோயாளியோடு வருகிறவர்களுக்கும் வளாகத்தில் எங்கே போனாலும் பதிகிற, நாணயம் அளவுக்கு ஒரு டேக் கொடுத்தோம். மூன்று வாரம், நானூற்றுப் பன்னிரண்டு டேக். என் புரோகிராம் இரண்டே நாளில் எல்லாவற்றையும் கோடாகப் போட்டுவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் மானிடவியல் அக்கா வந்தார். முதல் நாள் அவரை யாரோ நோயாளியின் சொந்தக்காரர் என்று நினைத்து, காத்திருக்கிற ஹால் அந்தப் பக்கம் என்று கை காட்டினேன். ஐம்பது வயது, துணி ஷூ, மடக்கு ஸ்டூல், ஒரு தடி நோட்டு. மனிதர்கள் ஒரு இடத்துக்கு ஏன் வருகிறார்கள், எங்கே போகிறார்கள், நடுவில் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலையாம். இதுக்கு ஒரு படிப்பா என்று கேட்டேன். ரெண்டு என்றார். பதில் சொல்லும்போது நோட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஒரு வாரம் அந்த மனுஷி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். எனக்குப் பார்க்கப் பார்க்க ஆத்திரம். எப்போ வேலையை ஆரம்பிப்பீங்க என்று கேட்டேவிட்டேன். ஆரம்பிச்சு ஆறு நாளாச்சு தம்பி, நீங்க இந்த வழியா பதினொரு தடவை போனீங்க, ஒரு தடவைகூட நிக்கலை, காலையில சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு வந்தீங்க என்றார். குனிந்து பார்த்தேன். மாற்றித்தான் போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் துப்புரவு அம்மாவோடு பக்கெட் தூக்கிக்கொண்டு நடந்தார். ரத்த மாதிரி கொண்டுபோகிறவரோடு ஓடினார். அப்புறம் முப்பத்தொரு பேரிடம் வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, புதிதாக வருகிற ஒருவருக்குக் காட்டுகிற மாதிரி இந்த மாடியை வரையச் சொன்னார். அந்தத் தாள்களைப் பார்த்து நான் சிரித்தேன். அளவு கிடையாது, திசை கிடையாது. ஒருவர் வார்டைவிடப் படிக்கட்டைப் பெரிதாக வரைந்திருக்கிறார், முழங்கால் வலியாம். கணவருக்கு மூன்றாவது ஆபரேஷன் நடக்கும் ஒரு அம்மா, ஒரு ஜன்னல், ஒரு கதவு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். மாடியில் மீதி எதுவுமே இல்லை.

சிரிப்பு அடங்கினது எண்ணிப் பார்த்தபோதுதான். அறுபது நாற்காலியும் டிவியும் உள்ள ஹாலை வரைந்தவர்கள் மூன்று பேர். படிக்கட்டுத் திருப்பத்தில் இருக்கிற ஜன்னலை வரைந்தவர்கள் இருபத்தாறு. என் வரைபடத்தில் அந்த ஜன்னலோரம் வெள்ளையாக இருந்தது. ஒரு ஈ காக்கைகூட நிற்கவில்லை என்று சொல்லி, அங்கே சுவர் எழுப்பி மருந்து ஸ்டோர் வைக்க நான் வரைந்து கொடுத்திருந்தேன்.

ஏன் வெள்ளை என்று அக்கா கேட்டார். மெஷின் பொய் சொல்லாது என்று வீறாப்பாகத்தான் புரோகிராமைத் திறந்தேன். நான் எழுதின வரி, என் கையாலேயே எழுதினது, கண்ணுக்கு நேராக இருந்தது. டேக் நான்கு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் பிழை என்று எடுத்துவிடு. ஊழியர்கள் டேக்கைக் கழற்றி டிராயரில் போட்டுவிடுவார்கள், அதற்காக எழுதினது. நடக்கிறவர்களைக் கணக்கெடுக்கப் போய், நின்றவர்களையெல்லாம் அழித்திருக்கிறேன். அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஜன்னல் பக்கம் அம்மை போட்ட மாதிரி சிவந்துவிட்டது.

அங்கே போய் நானும் நின்றேன். அந்த ஜன்னலிலிருந்து இடது பக்கம் ஆபரேஷன் தியேட்டர் கதவு தெரியும். கீழே பார்த்தால் வாசல் கேட் தெரியும். உள்ளே ஒருவரை அனுப்பியவர்களுக்கு ஒரு கண் கதவில், ஒரு கண் வீட்டிலிருந்து யாராவது வந்து சேர்ந்தார்களா என்று கேட்டில். ஹாலில் உட்கார்ந்தால் டிவிதான் தெரியும். அளந்து வச்சா அது ரெண்டு மீட்டர் அகலமுள்ள வெளி, ஆள் வந்து நின்னாத்தான் அது இடம் என்று அக்கா சொன்னார். இதைத்தான் ரெண்டு படிப்பு படிச்சீங்களா என்றேன். ஆமா, நீங்க ஒரு நாள்ல படிச்சிட்டீங்க என்றார். கிண்டலா பாராட்டா என்று இன்னும் பிடிபடவில்லை.

தலைமைப் பொறியாளர் குதியோ குதி என்று குதித்தார். பிழை என்னுடையது என்று சொன்னேன். முகத்தில் அடித்த மாதிரி சொன்னதால் அவருக்கு மேற்கொண்டு திட்ட ஒன்றும் அகப்படவில்லை. இப்போது மருந்து ஸ்டோர் ஹாலில் பாதிக்குப் போகிறது, ஜன்னலுக்குக் கீழே நீள பெஞ்சு வருகிறது. பெஞ்சின் உயரத்தைக் கதவு தெரிகிற மாதிரி நானே உட்கார்ந்து உட்கார்ந்து அளந்தேன். உன்னிடம் மறைப்பானேன், இந்த வேலையில் சேர்ந்து இவ்வளவு சந்தோஷமாக எதையும் வரைந்ததில்லை.

இனிமேல்தான் உன் விஷயம்.

சோதனைக்கு வைத்திருந்த முதல் டேக் மூன்று வாரமும் என் சட்டைப் பையிலேயே இருந்தது. உங்களோடதையும் காட்டுங்க தம்பி என்றார் அக்கா. பழைய படத்தில் நான் தினமும் ஒன்று இருபதுக்குக் காணாமல் போகிறேன், ஒன்று நாற்பத்தைந்துக்கு முளைக்கிறேன். புதுப் படத்தில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் பெரிய சிவப்பு. நான் உன்னோடு பேசுகிற நேரம். மூன்று வாரப் பேச்சு முழுவதையும் என் புரோகிராம், டேக் கழற்றி வைக்கப்பட்டது, பிழை என்று எழுதி நீக்கியிருந்தது.

அங்கே ஏன் என்று அக்கா கேட்டார். சிக்னல் என்றேன். தன் போனை எடுத்துக்கொண்டு கேன்டீன், வராண்டா, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் என்னை நடத்திக் கூட்டிப்போனார். எல்லா இடத்திலும் முழு சிக்னல். ஜெனரேட்டர் பக்கத்தில்தான் குறைவு. நீகூட, கப்பல்லயா வேலை பாக்குற, அது என்ன சத்தம் என்று தினமும் கேட்கிறாயே. டீ குடிக்கலாமா என்று அக்காவிடம் பேச்சை மாற்றினேன்.

உன்னிடம் சொல்கிறேன். அங்கே ஒரு சிமென்ட் படி இருக்கிறது. நீ அந்த ஊர் லேபில் சேர ரயில் ஏறப்போன அன்று மதியம் வந்து, அந்தப் படியில் உட்கார்ந்து, என் டிபன் பாக்ஸில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, போயிட்டு வரேன் என்றாய். நான் ரயிலுக்கு எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்தப் படியில் நான் உட்காருவதில்லை. பக்கத்தில் நிற்கிறேன்.

நீ கேட்ட காரணம் இதுதான். இதில் நிமிஷம் வந்துவிட்டது, ஆனால் அது வேறு நிமிஷம்.

என் அட்டவணையை அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதுல யாரு நகர்றாங்க? பன்னிரண்டு வரிசையிலும் நீதான் நகர்கிறாய். நான் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் இருக்கிறேன். உன் கீழே எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், இரண்டு மாதம் முன்னால்தான் பிரிவுப் பொறுப்பு உனக்கு வந்தது, இங்கே வந்தால் மறுபடி கடைசி மேசை. இதற்கு நான் வரிசையே போடவில்லை. அதையும் பிழை என்று எடுத்துவிட்டேன் போல.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா மாத்திரையை எண்ணிக்கொண்டே, எப்பப் பாரு அவளையே வரச் சொல்றியே, உனக்குக் கால் இல்லையா என்றாள். நீ எப்படிம்மா என்றேன். எனக்கென்ன, ரெண்டு பெட்டி, ஒரு மாத்திரை டப்பா, அந்த ஊர்ல கேபிள் வருதான்னு மட்டும் கேட்டுச் சொல்லு என்றாள். கேட்டுச் சொல்.

அதனால் விண்ணப்பத்தில் இப்போது கையெழுத்துப் போடாதே. முப்பதாம் தேதி போனால் போகட்டும். இங்கே என் வேலை இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. முதலில் ஒரு வெள்ளைத்தாளில் உன் ஊரை வரைந்து அனுப்பு. அளவு வேண்டாம், திசை வேண்டாம், நான் சிரிக்க மாட்டேன். லேப், உன் அறை, நீ நடக்கிற வழி, நடுவில் எங்கே நிற்கிறாய் எல்லாம் போடு. ஒன்று இருபதுக்கு என்னோடு பேசும்போது நிற்கிற இடத்தில் மட்டும் ஒரு பெருக்கல் குறி போடு. அங்கே உன் பக்கத்தில் இன்னொருவர் நிற்க அகலம் இருக்கிறதா என்று பார்த்து எழுது. ஒருக்களித்து நின்றாலும் போதும்.

சிரப்பைக் குடி. உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
பாயின்ட்