நீ வச்ச பொட்டிகளைத் திறந்து பார்த்தேன்

ஒரத்தநாடு
தை 27

என் பாசமுள்ள மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் கை கால் நடமாட்டத்தோட இருக்கோம். நீ நல்லா இருக்கியான்னு கேட்டு எழுதறதுதான் வழக்கம், நல்லா இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டே அதை எழுத எனக்குக் கை வரல. உன்கூட தங்கியிருக்கிற ஷமா நேத்து போன் பண்ணிச்சு. பதினோரு நாளா நீ ரூமை விட்டு வெளியில வரலயாம், வாசல்ல வைக்கிற சாப்பாடு பாதிக்கு மேல அப்படியே இருக்காம், கதவைத் தட்டினா இருக்கேன்னு ஒரு வார்த்தை மட்டும் உள்ளேர்ந்து வருதாம். சொல்றப்பவே அழுதுடுச்சு. நான் போன் பண்ணினா நீ எடுக்கறதில்ல, அதான் எழுதறேன்.

இங்க சேதின்னா, மார்கழிக் கடைசியில அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கறப்ப மழை பிடிச்சு சம்பா முழுக்கப் படுத்துடுச்சு. மிஷின் இறங்க வழியில்லாம தண்ணியில கெடந்து கதிரிலேயே முளை விட்டுடுச்சு. அப்பா தினமும் போயி வரப்புல நின்னுட்டு வர்றாங்க. உன் விஷயத்தை அவங்ககிட்ட சொல்லாம ரொம்ப நாள் மறைச்சேன்.

பொங்கலுக்கு மறுநாள்தான் ஷமா முதல் தடவை பேசினது. நீ நாலு வருஷமா செஞ்ச கேம் கார்த்திகையில வெளிவந்துச்சாம், விளையாடினவங்க எல்லாம் திட்டறாங்களாம், கம்பெனியில உன்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்களாம். எவனைச் சுட்டா எந்தத் துப்பாக்கி விழணும், எந்தப் பொட்டியில என்ன இருக்கணும்னு முடிவு பண்ணின ஆளைத்தான் ரொம்பத் திட்டறாங்களாம், அது நீதானாம். என் மக வெளிநாட்டுல கம்ப்யூட்டர் வேலை பாக்குதுன்னு இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், என்ன வேலைன்னு ஒரு நாள் உன்கிட்ட கேட்டதில்ல. அந்த வெக்கத்துலதான் உன் மாமா மவன் இளம்பரிதியோட போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனேன். கல்யாண வீடியோ வேலைக்கு பெரிய கம்ப்யூட்டர் வச்சிருக்கான்ல, அதுல உன் கேமை ஏத்துடான்னேன். அத்தை உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்னு சிரிச்சான், என் முகத்தைப் பார்த்துட்டு ஏத்திக் குடுத்தான். மத்தியானம் கடையில ஆள் வராத நேரமாப் பார்த்து ஒம்பது நாள் விளையாடினேன்.

முதல் நாள் நடக்கவே வரல, சுவத்துல முட்டிக்கிட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். போறவன் வர்றவன் எல்லாம் சுட்டுத் தள்ளினான். மூணாம் நாள் பிடிபட்டுச்சு. உப்புப் பூத்த தரையும் இடிஞ்ச ஆலையுமா கேமுக்குள்ள இருக்கற அந்த ஊரு நல்லாத்தான் இருக்கு. சுட்டு விழறவன்கிட்டேர்ந்து ஒரு வெளிச்சம் எழும்புது பாரு, விழற துப்பாக்கியோட தரத்துக்குத் தக்கபடி வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, எல்லாத்துக்கும் மேல தங்கம், அது எழும்பறப்ப நெஞ்சு படபடங்குது. ஆனா ஓடிப்போய் எடுத்தா அதே துப்பாக்கி, பலத்தைக் காட்டற நம்பர் மட்டும் ரெண்டு கூட. ஒண்ணு கைக்குப் பழகறதுக்குள்ள இன்னொண்ணு வந்துடுது, பை நெறஞ்சு போயி பழசைத் தூக்கிப் போடறதுலயே பாதி நேரம் ஓடிடுது. ஏழாம் நாள் ஒரு ராட்சச மிஷினை எத்தனையோ தடவை செத்துச் செத்து வீழ்த்தினேன், தங்க வெளிச்சம் வந்துச்சு. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்திருந்த அம்சம் டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன்னா பார்த்துக்க. அரை மணி நேரம்கூட ஆகல, ஒரு மூலையில கெடந்த பொட்டியைத் திறந்தா நீலத் துப்பாக்கி, அது இதைவிட பலமா இருக்கு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம், எந்தப் பாவி இதை வச்சது, மனுசி பட்ட பாட்டுக்கு மதிப்பே இல்லையான்னு கத்திட்டேன். இளம்பரிதி திரும்பிப் பார்த்தான். அப்பறம்தான் எனக்கு உறைச்சுச்சு. நான் திட்டினது உன்னைத்தான்.

அன்னிக்கு அதுக்கு மேல விளையாட முடியல. மத்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு இளம்பரிதியைப் படிச்சுச் சொல்லச் சொன்னேன். உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன் தாயி, கேமைப் பத்தி அவங்க சொல்றதுல பெரும்பாலும் நியாயம் இருக்கு, நானும் அதையேதான் சொல்லுவேன். ஆனா உன் போட்டோவைப் போட்டு, உன் நிறத்தைச் சொல்லி, நீ செத்துப்போன்னு எழுதியிருந்ததை அவன் பாதியில நிறுத்திட்டான். முழுசும் படிடான்னேன். நாத்துப் பறிக்கப் போன காலத்துல மிராசு வீட்டு ஆளுங்க வரப்புல நின்னு எங்களைப் பேசின பேச்சு உன் காதுல விழக் கூடாதுன்னுதான் உன்னைக் கடல் தாண்டி அனுப்பினேன். அது வேற பாஷையில அங்கேயும் வந்துடுச்சு. இனி உன்னை எங்க அனுப்பறதுன்னு எனக்குத் தெரியல.

ஒம்பதாம் நாள் அப்பா என்னைத் தேடிக்கிட்டு ஸ்டுடியோவுக்கே வந்துட்டாங்க. மறைக்க முடியல, எல்லாத்தையும் சொல்லிட்டேன். திரைகிட்ட குனிஞ்சு பார்த்துட்டு, இதுல நம்ம புள்ள எதைச் செஞ்சுதுன்னு கேட்டாங்க. ஒரு பொட்டியைக் காட்டினேன். திறன்னாங்க. ஒரு வெள்ளைத் துப்பாக்கியும் கொஞ்சம் தோட்டாவும் இருந்துச்சு. இதுக்கா என் புள்ளய இந்தப் பாடு படுத்தறாங்கன்னு சொல்லிட்டு துண்டை வாயில அழுத்திக்கிட்டாங்க. பயிர் போனப்பகூட அவங்க அழல கயலு.

உன்கிட்ட வர்றதுக்குப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கேன், விசா கெடைக்க மாசக் கணக்காகும்னு இளம்பரிதி சொல்றான். நீ இங்க வந்துடுன்னு கூப்பிடலாம், வந்து என்ன செய்யறதுன்னு கேட்டா படுத்துப்போன வயலைத்தான் காட்ட முடியும். எல்லாம் சரியாயிடும்னும் எழுத மாட்டேன், எனக்கு அப்படித் தோணல. வேலையில பிசகிப்போனதுக்கு உசுரைக் கேக்க எவனுக்கும் பாத்தியதை கெடையாது, அது ஒண்ணுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும். போனுல அவங்க எழுதறதைப் பாக்காத. ஒரு வாயாவது சூடா சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

நீ மூச்சோட, கண்ணு முழிச்சு, நடந்து திரியணும், வேற எந்தப் பெருமையும் எங்களுக்கு வேண்டாம்னு அப்பாவும் நானும் உன்னை ஆசீர்வாதம் பண்றோம். மறந்துடாம ஒண்ணு செய். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினா ஷமா அச்செடுத்து உன் கதவுக்கு அடியில தள்ளிவிடறேன்னுச்சு. நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் வெளியிலயே உக்காந்திருக்கேன்னும் சொல்லியிருக்கு. அதுகிட்ட ஒண்ணும் பேச வேண்டாம், முகம்கூடக் கழுவ வேண்டாம். எழுந்து தாழ்ப்பாளை மட்டும் எடுத்துவிடு தாயி.

உன் அம்மா,
த. செந்தாமரை