ஓட்டை மூடிக்கொண்டு வருகிறதாம்!

என் ஆசை மச்சானுக்கு,

ஒரு நல்ல சேதி. ஓட்டை மூடிக்கொண்டு வருகிறதாம்!

போன வாரம் நம் வீட்டு ஐஸ் பெட்டி படுத்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் ஒரு கை பார்த்திருப்பீர்கள். ரிங்லெட் டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பழைய கேஸை வெளியே விடாமல், ஒரு மெஷினால் உறிஞ்சி, சிலிண்டர் மாதிரி ஓர் இரும்புத் தோம்பில் அடைத்தார்.

"எங்க வீட்டுக்காரரு அந்தக் காலத்துல ஐஸ் பெட்டி ரிப்பேர் பண்றப்ப புஸ்ஸுன்னு தொறந்து விட்டுருவாரே?" என்றேன்.

"அப்ப எல்லாரும் அப்படித்தான் லா, அக்கா. அதான் மேல ஓட்டை விழுந்துச்சு. இப்ப அந்த கேஸ உலகம் பூரா நிறுத்திட்டாங்க. ஓட்டையும் சின்னதாகிட்டு வருது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெயிலின் கடுமையைத் தடுக்கும் ஓசோன் படலத்தை ஐஸ் பெட்டி கேஸ் அரிக்கிறது என்று ரேடியோவில் கேட்ட அன்று, நீங்கள் சோறே தின்னவில்லை. ஓர் ஆள் விட்ட கேஸிலா உலகமே ஓட்டையாகும்?

நம் தோட்டத்து லயத்து வீட்டுச் சனங்கள் சும்மா விடுவார்களா? ஓட்டை தென்துருவத்தில் என்று நீங்கள் தலையில் அடித்துக்கொண்டாலும், நம் கேமரன் மலையில் மழை பிடித்தால் போதும். "டேய் ஓட்டை முனியாண்டி! நீ போட்ட ஓட்டை ஒழுகுதுடா! ஏறி அடைச்சிட்டு வா லா!" கேமரனில் மழை இல்லாத நாள் ஏது? நீங்களும் கூடவே சிரிப்பீர்கள். வீட்டுக்கு வந்தால் முகம் தொங்கிவிடும். அந்த ஓட்டை மூடுமா என்று என்னைக் கேட்பீர்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதே கேள்விதான். "மூடிருமா, சரசு?"

"மூடும், மூடும். மொதல்ல வாய மூடிட்டுக் கஞ்சியக் குடிங்க."

"வாய மூடிட்டு எப்படிடி குடிக்கிறது?" என்று சிரித்தீர்களே, பாவி மனுஷா! அதுதான் நீங்கள் கடைசியாகச் சிரித்தது.

நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது பலித்துவிட்டது. தானா ராத்தாவில் டீச்சராக இருக்கும் நம் மகளுக்கும் போன் போட்டுக் கேட்டேன். நிஜம்தானாம். ஆனால் முழுதாக மூடுவதற்குள் அவளே கிழவியாகிவிடுவாளாம்.

அதனால் ஒன்று செய்கிறேன். நான் அங்கே வரும்போது, அதுவரை எவ்வளவு மூடியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வருகிறேன். மீதியை நம் மகள் வந்து சொல்வாள். அவசரப்பட்டு எங்களைக் கூப்பிடாதீர்கள்.

உங்கள் வாயாடிப் பெண்டாட்டி,
சரசு