தகடு மூடிவிடும்

கிரீன் பே, விஸ்கான்சின்
மார்ச் 8, 1988

அன்புள்ள லெம்பிக்கு,

அன்று என் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பது பிறகு. நான். என் வீட்டுக்காரர் ஆர்வித். உன் வீட்டுக்காரர் வெய்னோ. நீ. தன் லாரியில் அடுப்பை ஏற்றி வந்த எமில். அவ்வளவு பேர்தான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவன் என் மகன் மெல்வின். பந்தாட்டத்துக்கு டிக்கெட் கிடைத்துவிட்டதாம். மின்ரம்பம் அவனிடம் இருந்தது.

ஆர்வித்தும் எமிலும் போய்ச் சேர்ந்தார்கள். போன இலையுதிர் காலத்தில் வெய்னோவும் போய்விட்டார். மிச்சம் நீயும் நானும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது? நான் இருக்கிறேன். இந்த முதியோர் இல்லத்தில் காபி என்று கழுநீரைக் கொடுக்கிறார்கள். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு குடித்தால் நர்ஸ் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஆறாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள் நான், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நினைவில் கோணல் இல்லை.

எண்ணெய் விலை ஏறின வருஷம் அது. ஊரே இரும்புக் கணப்படுப்பு வாங்கியது. வெய்னோ தீயணைப்புப் படைக்குத் தலைவர். காசு வாங்காமல் வீடு வீடாகப் போய் அடுப்பு வைத்துக் கொடுத்தார். உன் வீட்டில் வைத்த மறுவாரம் என் வீடு. நாலு பேர் சேர்ந்தும் அடுப்பு வாசற்படி தாண்டவில்லை. எமில் சொன்னார்:

"இது அடுப்பா, ஆர்வித், உன் மாமியாரா? வந்த எடத்த விட்டு நகர மாட்டேங்குது!"

என் அம்மாவைச் சொன்னார். எல்லாரும் சிரித்தீர்கள். அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு சுவரைத் துளைத்தார்கள். புகைக்குழாய் அது வழியாகத்தானே வெளியே போக வேண்டும். துளைத்தால் உள்ளே சுவரைத் தாங்கும் மரக்கால் ஒன்று குறுக்கே நிற்கிறது. அதை அறுத்து ஒதுக்கி, குழாயைச் சுற்றிச் செங்கல் வைக்க வேண்டும். ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்தவரே வெய்னோதான். ஆனால் இருட்டிக்கொண்டு வந்தது, பனியும் விழ ஆரம்பித்தது. மின்ரம்பம் இல்லை. கைரம்பம் இருந்தது, மனசு இல்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ.

"ஏங்க, மரம் தெரியுதே. குழாய்க்கும் அதுக்கும் ரெண்டு விரக்கடைகூட இல்லையே."

"தகடு மூடிடும்."

"மூடுறது சரி. சுடாதா?"

"விளக்கப் புடின்னா விளக்கப் புடி, லெம்பி."

என் வீட்டுக்காரர் என்ன சொன்னார்? "பட்டாணி சூப் ஆறுது, வாங்கப்பா." அவ்வளவுதான். பளபளவென்று ஒரு வட்டத் தகட்டை வைத்து அடித்தார்கள். எல்லாரும் கைதட்டினோம்.

மரம் அன்றைக்கே பற்றிக்கொள்ளவில்லை. குளிர்காலத்துக்குக் குளிர்காலம் வறுபட்டு, சத்தமில்லாமல் கரியாகிக்கொண்டிருந்தது. அந்தச் சுவர் எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். ரொட்டி மாவை உப்பவைக்க அதன் ஓரத்தில்தான் வைப்பேன். பேரப்பிள்ளைகள் வந்தால் கையுறைகளை அங்கேதான் காயப்போடுவேன். நல்ல அடுப்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டேன், லெம்பி.

போன வருஷம் ஜனவரியில் வீடு எரிந்தது. சூட்டுச் சாம்பலை நான் அட்டைப்பெட்டியில் அள்ளித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டேன் என்று வெய்னோ மெல்வினிடம் சொன்னார். அவனும் நம்பினான். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டான்.

வீடு போனால் போகட்டும். நீராவிக் குளியல் குடில், நம் சவுனா, நிற்கிறதே! கல்யாணமான புதிதில், வீடு கட்டி முடிக்கும்வரை, அந்தச் சவுனாவில்தானே நானும் அவரும் குடியிருந்தோம். மெல்வினை நான் பெற்றதே அதன் பலகைமேல்தான். மறுபடியும் அதில் இருந்துகொள்வேன். ஆனால் நிலத்தை அவன் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்டால், "அதையும் கொளுத்திடுவீங்கம்மா" என்கிறான்.

நீ அவனிடம் ஒரு வார்த்தை சொல். மரக்காலைப் பார்த்தேன் என்று சொல். அது போதும். என்னை ஊருக்கு விட்டுவிடுவான்.

உன்
ஹில்யா

*

மில் ரோடு, பைன் க்ரீக், வட மிச்சிகன்
மார்ச் 21, 1988

அன்புத் தோழி ஹில்யாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. இங்கே பனி இன்னும் ஜன்னல் உயரத்துக்குக் கிடக்கிறது. முழங்கால் அப்படியேதான். புதிதாக வந்த பாதிரியார் சின்னப் பையன், பிரசங்கம் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. கிழவிகள் எல்லாம் ஏமாந்துபோய் வீடு திரும்புகிறோம்.

ஜூன் மாதம் தீயணைப்புப் படைக்குப் புதுக் கட்டடம் திறக்கிறார்கள். அதற்கு வெய்னோ பெயரை வைக்கப்போகிறார்கள். மரப்பலகையில் எழுத்துச் செதுக்கியாயிற்று. பையன்கள் கொண்டுவந்து காட்டினார்கள். எழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

நீ எழுதியதைப் படித்தேன். ஹில்யா, அன்றைக்கு இருட்டு. விளக்கு வெளிச்சமும் போதவில்லை. நான் என்ன பார்த்தேன், என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. இனிமேல் அதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? போனவர் வந்து பதில் சொல்லவா போகிறார்? மெல்வின் நல்ல பிள்ளை. உன்னைத் தெருவில் விட்டுவிடவில்லையே.

ஏலக்காய் ரொட்டி அனுப்பியிருக்கிறேன். காபியில் தோய்த்துச் சாப்பிடு.

என்றும் அன்புடன்,
லெம்பி

*

கிரீன் பே
ஏப்ரல் 2, 1988

லெம்பிக்கு,

ரொட்டி வந்தது. ஏலக்காய் போதவில்லை.

உனக்கு நினைவில்லையா? அப்படியானால் நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ அன்று சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாய், வலது முழங்கையில் ஒட்டுப்போட்டது. சூப் இரண்டு தட்டுக் குடித்தாய். பல்வலி என்று ரொட்டியின் ஓரத்தை வைத்துவிட்டாய். மரம் தெரியுது என்று சொன்னதும் வெய்னோ உன்னைப் பார்த்த பார்வையும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நீ அன்று வாயே திறக்கவில்லை.

வீடு எரிந்த நாளும் மறந்துவிட்டதா? சனிக்கிழமை, நான் சவுனாவில் இருந்தேன். கண்ணாடி வெடிக்கிற சத்தம் கேட்டு ஓடிவந்தேன். துண்டைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு, ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேர் முன்னாலும் பனியில் நின்றேன். நீதான் ஓடிவந்து உன் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டாய். அதை நான் மறக்கமாட்டேன். நல்லதையும் நான் மறக்கிறவள் இல்லை.

அப்போது நாம் நின்ற இடம் கிணற்றுக்கு அப்பால். என் சாம்பல் வாளி அங்கேதானே இருந்தது? நான் எப்போதும் வைக்கிற இடத்தில், இரும்பு வாளி, நிறையச் சாம்பலோடு. அதில் இடறித்தான் நீ "அம்மா!" என்றாய். அன்று காலை அள்ளிய சாம்பல் முழுக்க வாளியில் இருக்கும்போது, அட்டைப்பெட்டிக்கு எந்த வீட்டுச் சாம்பல் வந்தது?

வெய்னோ பலகையை நான் கழற்றச் சொல்லவில்லை. ஊரைக் கூட்டிச் சொல் என்றும் கேட்கவில்லை. மெல்வின் ஒருத்தனிடம், ஒரு வார்த்தை. பனி உருகினதும் நிலத்தைப் பார்க்க அங்கே வருவான்.

மாதா கோயில் விருந்தில் என் காபிக் கெண்டியை உன்னுடையது என்று தூக்கிக்கொண்டு போனாயே, அதைக்கூட விட்டுக்கொடுத்தவள் நான். இதை விடமாட்டேன்.

ஹில்யா

*

கிரீன் பே
மே 10, 1988

லெம்பி,

நீ பதில் போடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இங்கே வேறு யாரிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினம். மெல்வின், பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தான். கேக் கொண்டுவந்தான். கூடத்தில் எல்லாக் கிழவிகளும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பழைய பேச்சை எடுத்தேன். "மெல்வின், அது நான் இல்லடா. சுவருக்குள்ள..." என்று ஆரம்பித்தேன். என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தான்.

"அம்மா, போதும்மா. வீடு போனதுக்கு நாங்க யாரும் உங்களக் குத்தம் சொல்லல. எப்பவோ மன்னிச்சாச்சு. நீங்களும் விட்டுடுங்க."

பக்கத்து நாற்காலிக்காரி, "எப்பேர்ப்பட்ட பிள்ளை!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அழுதுவிட்டேன். கைக்குட்டை கொடுத்தான். "சரிடா" என்று சொல்லிவிட்டேன், லெம்பி. சரி என்று என் வாயால் சொன்னேன்.

அதிலிருந்து என் மனசு சரியில்லை. அவ்வளவு அன்பாகச் சொல்கிறானே, ஒருவேளை நான்தான் செய்தேனோ? வாளி கிணற்றடியில் இருந்ததாக நானே கட்டிக்கொண்டேனோ? நீயும் இருட்டு என்கிறாய். உன் சட்டையில் ஒட்டு இருந்ததா இல்லையா என்றுகூட இப்போது சந்தேகம் வருகிறது. என்னிடம் இருந்தது நினைவு ஒன்றுதான். அதுவும் கழன்று விழுந்துவிட்டால் நான் நிஜமாகவே இங்கே இருக்க வேண்டியவள்தான்.

ஒட்டு இருந்ததா, லெம்பி? அதையாவது சொல்.

ஹில்யா

*

பைன் க்ரீக்
ஜூன் 6, 1988

ஹில்யா,

இருந்தது. வலது முழங்கையில். நீ சொன்னது எல்லாமே நடந்தது. மரம், வாளி, அவர் என்னைப் பார்த்த பார்வை, எல்லாம்.

சனிக்கிழமை கட்டடம் திறந்தார்கள். பலகைக்குக் கீழே என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். சட்டைப்பையில் உன் கடிதம் இருந்தது. உன் புத்தியை நீயே சந்தேகப்படும்படி ஆக்கிவிட்டேனே என்று என்னால் சிரிக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். கணவரை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மெல்வினிடம் நான் சொல்லிவிட்டேன். இப்போது இல்லை, ஏப்ரல் கடைசியில். உன் நிலத்துக்கு வந்திருந்தான். உன் இரண்டாவது கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. நடந்தே போனேன். எரிந்த இடத்தில் நின்றுகொண்டு, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் கரிக்கட்டை ஒன்றைக் காலால் புரட்டினான். அப்புறம் சொன்னான்:

"எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு, லெம்பி அத்தை. ஆனா அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. இப்பத்தான் ஒரு வழியா அடங்கியிருக்காங்க. தன் தப்பு இல்லேன்னு உறுதியாச்சுன்னா அடுத்த பஸ்ஸுலயே இங்க வந்து நிப்பாங்க. யாரு பாத்துக்கறது?"

"அவ சவுனாவுல இருந்துக்கறேங்கிறாளேப்பா."

"நெலத்துக்கு வெல பேசி முடிச்சாச்சு. சிகாகோக்காரங்க, வேட்டைக்கு வர்றவங்க. சவுனாவுல பனியில ஓட்டுற வண்டிய நிறுத்தப்போறாங்களாம். அத்தை, வெய்னோ மாமா பேருக்கும் இது நல்லதுதானே?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என் வாயை அடைத்தது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். என் பேரும் அவர் பேரும் தப்பித்தது என்று வீட்டுக்கு வரும் வழியில் சந்தோஷப்பட்டேன். கடவுளுக்குத் தெரியும்.

என் வீட்டுப் பின்னறை காலியாக இருக்கிறது, ஹில்யா. நீ வா. என்னோடு இரு. என்னை மன்னிக்கவே மாட்டாயா?

லெம்பி

*

கிரீன் பே
ஜூன் 14, 1988

லெம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்து வைத்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். என் புத்தி என்னிடம் திரும்பி வந்துவிட்டது. அதற்கு நன்றி.

ஞாயிற்றுக்கிழமை மெல்வின் வந்தான். அவனுக்கு ஒரு வழி திறந்துவிட்டுப் பார்த்தேன்.

"ஊருக்குப் போனப்ப லெம்பியப் பாத்தியாடா?"

"பாத்தேம்மா."

"என்ன சொன்னா?"

"சும்மா நலம் விசாரிச்சாங்க. முழங்கால் வலியாம்."

"நம்ம சவுனா எப்படி இருக்கு?"

"நல்லா நிக்குதும்மா. ஒண்ணும் ஆகல." சொல்லிவிட்டு எனக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தான். கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுத்தான். தின்றேன்.

என் அம்மாவைக் கேலி செய்த எமிலை நான் எப்போதோ விட்டுவிட்டேன். என் அம்மா நகராதவள்தான். ஆர்வித் சூப் ஆறுகிறது என்றார். வைத்தவள் நான், ஆறிய சூப்பைப் பற்றிப் புலம்புகிறவளும் நான். அவரையும் விட்டுவிட்டேன். வெய்னோ செத்துவிட்டார், செத்தவரோடு எனக்கு வழக்கில்லை. பலகை இருக்கட்டும். அந்த வழியாகப் போக நேர்ந்தால் நான் நிமிர்ந்து பார்க்கமாட்டேன், அவ்வளவுதான்.

உன் பின்னறையைப் பற்றி எழுதியிருந்தாய். வருவதா வேண்டாமா என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ ஒன்று செய். உன் வீட்டு அடுப்பையும் அதே மாதம் வெய்னோதான் வைத்தார். உன் வீட்டுச் சுவரும் வெதுவெதுப்பாக இருக்கும், நான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். குளிர் வருவதற்குள் யாரையாவது கூப்பிட்டு அந்தத் தகட்டைக் கழற்றிப் பார். பெருமையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதே. உன்மேல் எனக்கு ஆயிரம் கோபம் இருக்கும். நீ பனியில் துண்டோடு நிற்க வேண்டாம். உன் மேல் கோட்டுப் போட நான் அங்கே இல்லை.

ஹில்யா

பி.கு.: மன்னிக்கவே மாட்டாயா என்று கேட்டிருந்தாய். உன்னை மன்னித்தேன் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. ஆனால் மன்னிக்கவே மாட்டேன் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. அதில் உன்னை உட்காரவைக்கத்தான் இத்தனை நாள் துடைத்து வைத்திருந்தேன். நீ இல்லை. அன்று அந்த வீட்டில் இருந்த யாருமே இல்லை. நான் செய்யாததை நான் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டே, ஊரார் பார்க்க என் கையைத் தட்டி, என்னை மன்னித்தவன் அதில் உட்கார்ந்துவிட்டான்.

மெல்வின்.